ராட்டினத்துக்கு ஓர் அகலக் கதவு

பட்டறையில் அவளுக்குப் பெயர் பொறி. வெல்டிங் வைக்கும்போது பறக்கிற தீப்பொறியைப் பார்த்து யாரோ வைத்த பெயர் அது. எலி மாட்டிக்கொள்கிற பொறியும் அவளுக்குப் பொருந்தும் என்பார் பட்டறைத் தலைவர். "அவ கிட்ட மாட்டினா, சரின்னு சொல்ற வரைக்கும் வெளியே வர முடியாது" என்று அவர் சொல்வதில் பாராட்டு பாதி, பயம் பாதி.

முதலில் மாட்டியவர் அவரேதான். பள்ளிக்கூடம் முடித்த கையோடு, பொழுதுபோக்குப் பூங்காவின் வாசலில் டிக்கெட் கிழிக்கும் வேலைக்கு வந்தவள் அவள். காகிதத்தைக் கிழித்துக் கிழித்து அலுத்துப்போய், சாப்பாட்டு இடைவேளையில் பட்டறைக் கதவோரம் வந்து நிற்க ஆரம்பித்தாள்.

"என்னம்மா வேணும்?"

"வேலை கத்துக்கணும்."

"இது பொம்பளைங்களுக்கு ஆகாதும்மா. சூடு தாங்காது."

"அடுப்பு மட்டும் ஜில்லுன்னா இருக்கு?"

பட்டறையே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. மறுநாளும் வந்து நின்றாள். மழை பெய்த நாளில் குடையோடு வந்து நின்றாள். கடைசியில் அவர் ஒரு முகக்கவசத்தை எடுத்து நீட்டி, "இந்தா, போட்டுக்கிட்டாவது நில்லு. கண்ணு போயிடப் போகுது" என்றார். அப்படித்தான் உள்ளே போனாள். அப்புறம் வெளியே வரவே இல்லை.

அந்தப் பூங்கா பிறந்ததே ஒரு குழியில்தான். நகரத்துக்கு வெளியே கருங்கல் வெட்டி விற்றுக்கொண்டிருந்த ஒரு பெரியவர், தோண்டத் தோண்ட ஊற்று பொத்துக்கொண்டு வந்ததும் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அடுத்த மழைக்குக் குவாரி குளமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பச்சைத் தண்ணீரை வேடிக்கை பார்க்க ஜனங்கள் வந்தார்கள். விரட்டிப் பார்த்தார், போகவில்லை. வந்தவர்களை ஏன் சும்மா அனுப்ப வேண்டும் என்று இரண்டு படகுகளை வாங்கி மிதக்கவிட்டார். கல் ஏற்றிய தள்ளுவண்டிகளின் தண்டவாளம் குழியின் விளிம்பைச் சுற்றிச் சும்மா கிடந்தது. அதில் ஒரு குட்டி ரயிலை ஓடவிட்டார். தள்ளுவண்டி தள்ளிக்கொண்டிருந்த பொறியின் அப்பா ஒரே நாளில் ரயில் ஓட்டுநர் ஆனார். தொப்பிகூடக் கொடுத்தார்கள். தூங்கும்போது மட்டும்தான் அதைக் கழற்றினார் என்று வீட்டில் சொல்வார்கள்.

பிறகு குதிரை ராட்டினம் வந்தது. முட்டிக்கொள்ளும் கார்கள் வந்தன. உள்ளே போகிறவர்களைவிட வெளியே வரிசையில் நிற்பவர்கள் அதிகமாக அலறும் பேய் வீடு வந்தது. குவாரியின் செங்குத்துச் சுவரை ஒட்டியே வளைந்து பாயும் ரோலர் கோஸ்டர் வந்தபோது, தூரத்து ஊர்களிலிருந்தெல்லாம் பள்ளிக்கூடப் பேருந்துகள் வர ஆரம்பித்தன. தண்ணீர்ச் சறுக்குகள் வந்த பிறகு கோடை விடுமுறையில் கால் வைக்க இடமில்லை. எல்லாவற்றுக்கும் நடுவில், வெட்டாமல் விட்ட ஒரு பாறை மேட்டின் மேல், பெரிய ராட்டினம் நின்றது. அதன் உச்சிக்குப் போனால் நகரம் முழுவதும் தெரியும். பெரியவரும் போய், அவர் மகனும் ஓய்ந்து, நிர்வாகம் பேரன் கைக்கு வந்திருந்தது. தவழ்ந்த காலத்திலிருந்து பூங்காவிலேயே வளர்ந்த பையன். மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் அவளைப் "பொறிக்கா" என்றுதான் கூப்பிடுவான்.

பொறி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "பேச்சு வந்தப்பெல்லாம் நான் பட்டறையில இருந்தேன்" என்பாள், அவ்வளவுதான் விளக்கம். மாடியில் அவள் இருந்தாள். கீழ் வீட்டில் தம்பி, அவன் மனைவி, அவர்களுடைய ஒரே மகள். குழந்தைக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன பெயரோ, வீட்டில் அவள் பெயர் வாலு.

தம்பி லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன். ஒரு மலைச்சாலைத் திருப்பத்தில் லாரி கவிழ்ந்ததில் முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. மருத்துவமனையிலிருந்து சக்கர நாற்காலியில் வந்தவன், கொஞ்ச காலம் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். பிறகு ஒருநாள் மனைவியின் பழுதான செல்போனைப் பிரித்துப் போட்டான். அது வேலை செய்ததும் அண்டைவீட்டுக்காரருடையதைப் பிரித்தான். இப்போது அவன் வீட்டு முன்னறைதான் அந்தத் தெருவுக்கே செல்போன் கடை. கால் ஓய்ந்ததற்குச் சேர்த்து வைத்து வாய் நீண்டுவிட்டது என்பாள் பொறி. "உனக்குக் கால் நல்லா இருக்கும்போதே வாய் இவ்வளவு நீளமா இருக்கே, அதுக்கு என்ன காரணம்?" என்று அவன் திருப்பிக் கேட்பான்.

வாலுவுக்கு ஏழு வயது முடிந்த அன்று, பெரிய ராட்டினத்தில் அப்பாவோடுதான் ஏறுவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். எல்லோருமாகப் போனார்கள். ராட்டினத்தின் மேடைக்கு ஏற ஆறேழு படிகள். பெட்டியின் கதவோ ஓர் ஆள் பக்கவாட்டில் நுழைகிற அகலம். நாற்காலி போகாது. ராட்டினம் ஓட்டுபவர் நல்ல மனிதர். பொறியின் தம்பி என்றதும், "அதுக்கென்ன, தூக்கிட்டுப் போயிடலாம்" என்று இரண்டு ஆட்களைக் கூப்பிட்டார். ஒருவர் அக்குளில் கை கொடுத்தார், இன்னொருவர் முழங்காலைப் பிடித்தார். பாதி படியில் பிடி நழுவி, தம்பியின் சட்டை மார்பு வரைக்கும் ஏறி, ஒரு செருப்பு கீழே விழுந்தது. வரிசையில் நின்ற நூறு பேரும் அமைதியானார்கள். யாரோ ஒரு பெண், "ஐயோ பாவம்" என்றாள். மெல்லத்தான் சொன்னாள், ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"இறக்குங்க" என்றான் தம்பி.

"இன்னும் நாலு படிதான்..."

"இறக்குங்கன்னு சொல்றேன்ல."

இறக்கினார்கள். வாலு அத்தையோடு ஏறினாள். உச்சிக்குப் போனபோது வழக்கமாகக் கத்தித் தீர்க்கும் குழந்தை ஒரு சத்தமும் போடவில்லை. கீழே சிறிய புள்ளியாக உட்கார்ந்திருந்த அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீடு திரும்பும்போது தம்பி வழியெல்லாம் ஏதேதோ ஜோக் சொல்லிக்கொண்டு வந்தான். அவன் இப்படி இடைவிடாமல் ஜோக் சொன்னால் உள்ளே எதையோ விழுங்குகிறான் என்று பொறிக்குத் தெரியும்.

அந்தப் பெட்டிகளுக்கு வருஷா வருஷம் ஒட்டுப்போட்டவள் அவள்தான். அந்தக் கதவுகளின் கீல்களைப் பற்றவைத்ததும் அவள்தான். இத்தனை காலம் அந்தக் கதவின் அகலம் அவள் கண்ணில் பட்டதே இல்லை. அதுதான் அவளைக் குடைந்தது. மறுநாள் காலை பட்டறைக்குப் போகாமல் நேராக மேனேஜர் அறைக்குப் போனாள்.

"ராட்டினத்துல ஒரு பெட்டிக்குக் கதவை அகலமா வைக்கணும் சார். படிக்குப் பக்கத்துல சாய்வுப் பாதை ஒண்ணும் வேணும். நாற்காலியோட நேரா உள்ளே போற மாதிரி."

மேனேஜர் அன்றைக்கு நடந்ததைக் கேள்விப்பட்டிருந்தார். வருத்தம் சொன்னார். தேநீர் வரவழைத்தார். பிறகு மெல்ல இழுத்தார். "பொறிக்கா, எனக்குப் புரியுது. ஆனா யோசிச்சுப் பாருங்க. வீல் சேர்ல எத்தனை பேரு நம்ம பூங்காவுக்கு வர்றாங்க?"

"வழியில்லாத இடத்துக்கு யாரு சார் வருவாங்க?"

பொறி தேநீரைக் குடித்துவிட்டு எழுந்தாள். "ஞாயித்துக்கிழமை மத்தியானம் கொஞ்ச நேரம் என் கூட வாங்க. ஒரு இடத்துல உக்காரலாம்."

அவள் உட்கார வைத்த இடம், பெரிய ராட்டினத்துக்கு எதிரே மரநிழலில் கிடந்த நீள பெஞ்சுகள். மேனேஜர் சின்ன வயதிலிருந்து ஆயிரம் முறை கடந்துபோன இடம்தான். உட்கார்ந்து பார்த்ததில்லை. ஒவ்வொரு குடும்பமும் வந்தது. பைகள், தண்ணீர் பாட்டில்கள், கழற்றிய செருப்புகள், குழந்தையின் ஸ்வெட்டர் எல்லாவற்றையும் ஒருவர் மடியில் குவித்துவிட்டு ராட்டினத்துக்கு ஓடியது. மடியில் குவிப்பதற்கு ஒருவர் எப்போதும் இருந்தார். முழங்கால் தேய்ந்த ஓர் அம்மா. ஊன்றுகோல் வைத்திருந்த ஒரு மாமனார். காலில் கட்டுப்போட்ட ஒரு வாலிபன். சக்கர நாற்காலியில் இரண்டு பேர். ஒவ்வொருவரிடமும் போகிறவர்கள் சொன்னது ஒரே வாக்கியம்தான்: "நீங்க இதைப் பாத்துக்கோங்க, இதோ வந்துடறோம்."

"இவங்க எல்லாரும் உள்ளே வர டிக்கெட் எடுத்தவங்கதான்" என்றாள் பொறி. "பைக்குக் காவல் இருக்கறதுக்கு."

மேனேஜர் கிளம்பும்போது, "கழிச்சுப் போட்ட பழைய பெட்டி ஒண்ணு கொட்டகையில கிடக்கு. செஞ்சு காட்டுங்க, அப்புறம் பேசலாம்" என்றார். சரி என்று சொல்லாமல் தப்பித்துவிட்டதாக அவர் நினைத்துக்கொண்டிருக்கலாம்.

வேலை முடிந்த பிறகு மாலைகளில் பொறி அந்தப் பழைய பெட்டியோடு மல்லுக்கு நின்றாள். தம்பியின் நாற்காலியை அளந்து, கதவை அகலப்படுத்தி, தரையில் சக்கரத்தைப் பூட்டும் கொக்கி வைத்து, ஒரு மாதத்தில் பார்க்க லட்சணமாகச் செய்துவிட்டாள். மேனேஜரும், பூங்காவின் பாதுகாப்புக்குப் பொறுப்பான இன்ஜினீயர் பெண்ணும் சோதனை பார்க்க வந்தார்கள். பெட்டியைத் தூக்கி மாட்டி, உள்ளே மணல் மூட்டைகளை அடுக்கினார்கள். மூட்டைகள் ஏறஏற ஏதோ முனகியது. பிறகு பெட்டியின் ஒரு மூலை மெல்ல, மரியாதையாக, கீழே இறங்கியது. கதவு அப்படியே இறுகிக்கொண்டது. நாலு பேர் இழுத்தும் திறக்கவில்லை. மணல் மூட்டைகளை ஜன்னல் வழியாகத்தான் வெளியே எடுக்க வேண்டியிருந்தது.

தப்பு யாருடையது என்பதில் சந்தேகமே இல்லை. கதவை அகலப்படுத்தும் அவசரத்தில், பெட்டியின் பாரத்தைத் தாங்கும் பக்கத்துத் தூணையே அவள் வெட்டியிருந்தாள்.

இன்ஜினீயர் திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். இன்ஜினீயரோ குனிந்து, வளைந்த மூலையைப் பார்த்துவிட்டு, "அக்கா, பாரம் போறதுக்கு வேற வழி குடுக்காம தூணை எடுத்துட்டீங்க. தரைக்கு அடியில சுத்தி ஒரு சட்டம் கொடுத்து, அதுல ஏத்திப் பாருங்க. நான் கணக்குப் போட்டுத் தர்றேன்" என்றாள்.

"போட்டுத் தருவீங்களா மேடம்?"

"அதுக்குத்தானே சம்பளம் வாங்கறேன்."

அன்றைக்கு வீட்டுக்கு வந்து, பெட்டி கோணிக்கொண்ட கதையைத் தம்பியிடம் சொன்னாள். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்து முடித்துவிட்டு, "விட்டுடேன்க்கா" என்றான்.

"ஒரு தடவை கோணினதுக்கா?"

"அதுக்கில்ல..." என்றவன் எதையோ சொல்ல வந்து, மேசையில் கிடந்த செல்போனை எடுத்து அதன் வயிற்றைக் குடைய ஆரம்பித்துவிட்டான்.

இரண்டாவது பெட்டியில் சட்டம் சுற்றி வந்தது. மூலைகள் தடித்தன. எவ்வளவு மணல் மூட்டை வைத்தாலும் கதவு வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோலத் திறந்து மூடியது. பட்டறையில் எல்லோரும் கை தட்டினார்கள். பொறிக்குத் தலை கால் புரியவில்லை. அப்போதுதான் இன்ஜினீயர் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"எல்லாம் சரிக்கா. ராட்டினம் நடுவுல நின்னு போச்சுன்னா?"

"ஜெனரேட்டர் இருக்கு. அதுவும் போனா கையால சுத்தலாம்."

"கையாலயும் சுத்த முடியாம இறுகிப்போச்சுன்னா? மத்தவங்களை ஏணி வெச்சு, இடுப்புல பட்டை கட்டி இறங்கச் சொல்வோம். அவங்க கால் வெச்சு இறங்கிடுவாங்க. கால் வைக்க முடியாதவரை எப்படி இறக்குவீங்க?"

பொறி கதவிலிருந்து கையை எடுத்தாள்.

"அதுக்குப் பதில் இல்லாம நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றாள் இன்ஜினீயர். குரலில் கோபம் இல்லை. "ஏத்தறது சுலபம். இறக்கத் தெரியாம ஏத்தினா, அது நாம அவருக்குச் செய்யற துரோகம்."

அந்த வார்த்தை பொறிக்குச் சுரீரென்றது. ஆனால் இன்ஜினீயர் சொன்னது அத்தனையும் நியாயம். இரண்டு நாள் பட்டறையில் அதையே யோசித்துக்கொண்டு வேலை செய்தாள். மூன்றாம் நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு தீயணைப்பு நிலையத்துக்குப் போனாள்.

வாசலில் வண்டி கழுவிக்கொண்டிருந்த ஒரு மீசைக்காரர், "எங்கம்மா தீ?" என்றார்.

"தீ இல்ல சார். ஒரு ஆளை உயரத்துலேருந்து இறக்கணும்."

"எங்க மாட்டியிருக்கார்?"

"இன்னும் மாட்டல. மாட்டினா எப்படி இறக்கறதுன்னு கேட்க வந்தேன்."

மீசைக்காரர் குழாயை நிறுத்தினார். இப்படி ஒரு விண்ணப்பத்தோடு அதுவரை யாரும் வந்ததில்லை. உள்ளே கூட்டிப்போய், மலைச்சரிவில் அடிபட்டவர்களை இறக்கும் துணி இருக்கையை எடுத்துக் காட்டினார். தொடை, இடுப்பு, மார்பு மூன்றையும் பட்டையால் கட்டிவிட்டால், ஆள் கால் அசைக்காமலே கயிற்றில் உட்கார்ந்தபடி இறங்கலாம். ஆனால் கயிறு போட, பெட்டியின் கூரையில் ஒரு யானையைக் கட்டினாலும் தாங்குகிற வளையம் வேண்டும் என்றார்.

"யானை வேண்டாம் சார். என் தம்பியைத் தாங்கினா போதும்."

வளையத்தை அவளே பற்றவைத்தாள். இன்ஜினீயர் சொன்னபடி இரண்டு மடங்கு கனத்தில். ஒரு விடுமுறை நாள் காலை, பூங்கா திறப்பதற்கு முன், மீசைக்காரர் தன் ஆட்களோடு வந்தார். பெட்டியை உச்சியில் நிறுத்திவைத்து, முதலில் மணல் மூட்டையை இறக்கிப் பார்த்தார்கள். அது சமர்த்தாக இறங்கியது. அடுத்து ஓர் ஆள் இறங்க வேண்டும். தீயணைப்பு வாலிபர் ஒருவர் முன்னால் வந்தார்.

"நான் இறங்கறேன்" என்றாள் பொறி.

"ஏம்மா, அவனுக்கு இதான் தொழில்" என்றார் மீசைக்காரர்.

"அதான் வேண்டாங்கறேன். அவருக்குப் பழக்கம். பழக்கமில்லாத ஆள் இறங்கினாத்தானே கோளாறு தெரியும்."

மேனேஜர் வேண்டாம் என்று கையை ஆட்டினார். அவள் பார்க்காததுபோல இருந்துவிட்டாள். உச்சியில் துணி இருக்கையைக் கட்டிக்கொண்டதும், இடுப்பிலிருந்த பெல்ட்டைக் கழற்றி இரண்டு முழங்கால்களையும் சேர்த்துக் கட்டினாள். கால் சும்மா இருந்தால் தானாக உதவிக்கு வந்துவிடும், அது ஏமாற்று வேலை என்பது அவள் கட்சி.

பெட்டியை விட்டு வெளியே தொங்கினாள். இத்தனை வருஷம் அந்த உயரத்தில் நின்று வேலை செய்தவள்தான். ஆனால் அப்போதெல்லாம் காலுக்கடியில் இரும்பு இருந்தது. இப்போது காற்றுதான் இருந்தது, அது அவளை மெல்லத் திருகியது. குளம் வந்தது, ரோலர் கோஸ்டர் வந்தது, மறுபடி குளம் வந்தது. ராட்டினத்தின் ஆரக்கால் ஒன்று தோளில் இடித்தது. உதைத்துத் தள்ளிக்கொள்ளத்தான் உடம்பு முதலில் துடித்தது. முடியவில்லை. கையை நீட்டினாள், எட்டவில்லை. இன்னொரு முறை இடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். தரை தொட்டபோது தோள்பட்டை கன்றிப்போய் நீலமாக இருந்தது.

கட்டை அவிழ்ப்பதற்கு முன்பே பேச ஆரம்பித்துவிட்டாள். "இன்னொரு கயிறு வேணும். கீழேயிருந்து ஒருத்தர் பிடிச்சு, ஆளை ராட்டினத்துல மோதாம ஒதுக்கிக்கிட்டே இருக்கணும்."

மீசைக்காரர் தலையாட்டினார். "போடணும்தான்" என்றார். "ஏம்மா, எங்ககிட்ட வேலைக்கு வர்றியா?"

அன்றைக்கே அந்தக் கயிறும் போட்டு மறுபடி இறங்கினாள். இந்த முறை எதிலும் படவில்லை. இன்ஜினீயர் அங்கேயே, தன் வண்டியின் இருக்கையில் காகிதத்தை வைத்து, கையெழுத்துப் போட்டாள்.

ஆனால் அதற்குள் ஊழியர்களில் யாரோ எடுத்த வீடியோ செல்போன் செல்போனாகப் பறந்து, அவள் வீடு சேர்வதற்கு முன்பே தம்பியிடம் போய்ச் சேர்ந்திருந்தது. அவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கத்த ஆரம்பித்தான்.

"பைத்தியமாக்கா உனக்கு? கயித்துல தொங்கறே? காலை வேற கட்டிக்கிட்டு!"

"ஒண்ணும் ஆகலையே."

"ஆகியிருந்தா? யாருக்காகத் தொங்கினே? எனக்காகவா? நான் கேட்டேனா? எனக்கு உயரம்னாலே ஆகாது! சின்ன வயசுல மொட்டைமாடிச் சுவர்கிட்ட என்னைக்காவது வந்திருக்கேனா? லாரி ஓட்டும்போதுகூட மேம்பாலம் வந்தா நடுவுலதான் போவேன். அந்த ராட்டினத்துல என்னைக் கட்டி ஏத்தினாலும் ஏற மாட்டேன்!"

பொறி ஒரு செருப்போடு நின்றாள். உள்ளேயிருந்து எட்டிப்பார்த்த தம்பி மனைவி சட்டென்று தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"அப்ப அன்னைக்கு ஏன்டா வந்தே?"

"பொண்ணு கேட்டா. பல்லைக் கடிச்சுக்கிட்டு ஏறிடலாம்னு வந்தேன்."

"இதை இத்தனை மாசமா வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்தே? அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல?"

"சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பியா?"

அவள் இன்னொரு செருப்பையும் கழற்றி வைத்தாள். மரநிழல் பெஞ்சில் மடிநிறையப் பைகளோடு உட்கார்ந்திருந்தவர்களின் முகங்கள் நினைவுக்கு வந்தன.

"மாட்டேன்" என்றாள்.

"அதான்." தம்பியின் குரல் தணிந்தது. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு அருகில் வந்தான். "அக்கா, எனக்கு ராட்டினம் வேண்டாம். ஆனா அன்னைக்கு எது வலிச்சதுன்னு சொல்லட்டுமா? மாட்டேன்னு சொல்ல எனக்கு வாய்ப்பே கிடைக்கல. மூட்டை மாதிரி தூக்கிட்டுப் போய், மூட்டை மாதிரி இறக்கிட்டாங்க. ஏற வழி நல்லா திறந்து கிடக்கும்போது, கால் மேல கால் போட்டுக்கிட்டு, 'போய்யா, எனக்குப் பயம், நான் வரல'ன்னு சொல்றதுல ஒரு கெத்து இருக்கு. அந்தக் கெத்து எனக்கு வேணும்."

"கால் மேல கால் எப்படிப் போடுவே?"

"கையால தூக்கிப் போடுவேன். உனக்கென்ன?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அவன் அவள் தோளைப் பார்த்து, "மருந்து போட்டியா?" என்றான்.

அகலக் கதவுப் பெட்டி ராட்டினத்தில் ஏறிய நாளில் மேளதாளம் ஒன்றும் இல்லை. மேனேஜர் ரிப்பன் வெட்டலாம் என்றார். ரிப்பன் கட்டினால் சக்கரத்தில் சிக்கும் என்று பொறி மறுத்துவிட்டாள். சாய்வுப் பாதையின் கீழே தகரப் பலகையில் ஒரு நாற்காலிப் படம் மட்டும் வரைந்து வைத்தார்கள். தம்பி வந்திருந்தான். சொன்னபடியே நிழலில் உட்கார்ந்துகொண்டு, ராட்டினம் ஓட்டுபவர் "வாங்க தம்பி, முதல் சுத்து உங்களுதுதான்" என்று கூப்பிட்டபோது, "இல்லண்ணே, எனக்கு உயரம்னா பயம்" என்று நூறு பேருக்குக் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னான். அப்படி ஒரு திருப்தியான முகத்தை அவள் அவனிடம் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

முதலில் ஏறியது பெஞ்சில் இருந்த ஒரு பெண்மணி. சக்கர நாற்காலியில் வந்திருந்தார், கனத்த உடம்பு, மடியில் நாலு பை. மகன்களும் மருமகள்களும் பேரப்பிள்ளைகளும் வழக்கம்போல அவரிடம் சாமான்களைக் குவித்துவிட்டு வரிசைக்குப் போயிருந்தார்கள். பொறி அவர் முன் போய் நின்றாள்.

"நீங்களும் போறீங்களாம்மா? நாற்காலியோடவே போகலாம்."

அந்த அம்மா சாய்வுப் பாதையைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். பிறகு மடியிலிருந்த நாலு பையையும் எடுத்து, தம்பியின் மடியில் வைத்தார். "நீங்க இதைப் பாத்துக்கோங்கப்பா, இதோ வந்துடறேன்."

பொறி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய், சக்கரங்களைக் கொக்கியில் பூட்டி, இரண்டு முறை ஆட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். வரிசையில் நின்ற மகன், "அம்மா! எங்கேம்மா போறே?" என்று அலறியதை அந்த அம்மா கண்டுகொள்ளவில்லை. பெட்டி மேலே போனது. உச்சியில் கொஞ்ச நேரம் நின்றது. பொறி கூரை வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ராட்டினம் இறங்கி நின்றதும் ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள்.

"எப்படிம்மா இருந்துச்சு?"

"மேல ஒண்ணுமே இல்லையே!" என்றார் அந்த அம்மா, நிஜமான கோபத்தோடு. "ஆகாசம்தான் இருக்கு. இதுக்கா இத்தனை வருஷம் என்னைப் பைக்குக் காவல் வெச்சிட்டுப் போனாங்க?" கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "இன்னொரு சுத்து விடச் சொல்லு."

அந்தக் கோடையில் பெஞ்சுகள் காலியாகிவிடவில்லை. எல்லோருக்கும் ஏறப் பிடிக்காது, சிலருக்கு நிழலில் உட்காருவதுதான் சுகம். ஆனால் சாய்வுப் பாதையில் சக்கர நாற்காலிகள் மட்டுமல்ல, ஊன்றுகோல்களும், நடைவண்டிகளும், படி ஏற மாட்டாத முழங்கால்களும், தூங்கும் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்திருந்த இளம் தாய்மார்களும் ஏறினார்கள். சில நாட்களில் அந்த ஒரு பெட்டிக்கு மட்டும் தனி வரிசை நின்றது. மேனேஜர் ஒருநாள் பட்டறைக்கு வந்து, எதிர்ப்பக்கத்தில் இன்னொரு பெட்டி செய்ய முடியுமா என்று கேட்டபோது, அது தனக்கே தோன்றிய யோசனை என்பதுபோலத்தான் கேட்டார். பொறியும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

மழைக்காலம் தொடங்குவதற்கு முன், கூட்டமில்லாத ஒரு வார நாளில், தம்பி மகளோடு பூங்காவுக்கு வந்தான். அக்காவிடம் சொல்லவில்லை. வாலுதான் பட்டறைக்கு ஓடிவந்து, "அத்தை, அப்பா ஏறப்போறார்! சீக்கிரம் வா, மனசு மாறிடும்!" என்றாள். பொறி கையுறையைக்கூடக் கழற்றாமல் ஓடினாள்.

மூவரும் ஏறினார்கள். முதல் சுற்று முழுக்க அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு, இந்த ராட்டினத்தைக் கண்டுபிடித்தவனையும், குவாரியைத் தோண்டியவரையும், கதவை அகலப்படுத்தியவளையும் வரிசையாகத் திட்டிக்கொண்டு வந்தான். வாலு அவன் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் வர்ணித்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது சுற்றில் உச்சிக்கு வந்தபோது ஒரு கண்ணைக் கால்வாசி திறந்தான். பிறகு இரண்டையும் திறந்தான். நகரம் கீழே பரந்து கிடந்தது. வாலு தங்கள் தெருவைத் தேடிக் கண்டுபிடித்துக் காட்டினாள். அவன் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு உற்றுப் பார்த்தான்.

"அக்கா."

"என்னடா? தலை சுத்துதா?"

"நம்ம மொட்டைமாடியில அந்த உடைஞ்ச கட்டில் இன்னும் கிடக்கு. தூக்கிப் போடுன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

"மாடிக்கே வராதவனுக்கு அது இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?"

"இப்பத்தான் தெரியுதே."

இறங்கியதும் இனிமேல் ஏற மாட்டேன் என்று மகளிடம் கண்டிப்பாகச் சொன்னான். வாலு சரி என்று தலையாட்டிவிட்டு அவனை முட்டிக்கொள்ளும் கார்கள் பக்கம் தள்ளிக்கொண்டு போனாள். பொறி அவர்கள் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. பட்டறையில் எதிர்ப்பக்கத்துப் பெட்டிக்கான சட்டம் வெட்டிப் போட்டபடி கிடந்தது. இன்ஜினீயர் அங்கே காத்துக்கொண்டிருந்தாள். "அக்கா, மோட்டார் வெச்ச நாற்காலி இதைவிட அகலம். கதவை இன்னும் கொஞ்சம் திறக்க முடியுமா பாருங்க" என்றாள்.

"தூணைத் தொடாமலா?"

"தூணைத் தொடாம."

பொறி முகக்கவசத்தை இறக்கிக்கொண்டாள்.